மாற்று இருக்கும் இடத்தில்தான் தெரிவு: விலைவாசியும் மோர்டன் தமிழ்க் குடும்பங்களின் வரவு செலவும்

லண்டன் சுரங்க ரயிலின் நோர்தர்ன் பாதை தெற்கே போய் முடியும் இடம் மோர்டன். 1926 செப்டம்பரில் அந்த நிலையம் திறக்கப்பட்டபோது சுற்றிலும் பெரும்பாலும் வயல்வெளிதான். ரயில் வந்த பிறகு வீடுகள் வந்தன. நகரின் நடுவே வேலை செய்துகொண்டு, அங்கே குடியிருக்கக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் இந்தக் கடைசி நிலையத்தைச் சுற்றிக் குடியேறின. 1980களிலிருந்து இலங்கைப் போரால் இடம்பெயர்ந்து வந்த தமிழர்கள் டூட்டிங், மிச்சம், மோர்டன், சட்டன் என்று தெற்கு நோக்கிப் பரவியதிலும் வீட்டு விலைக்கும் வாடகைக்கும் பங்குண்டு. மோர்டனை உள்ளடக்கிய மெர்ட்டன் நகராட்சிப் பகுதியில் ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகம் பேசப்படும் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதைக் குடிசனக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. வருமானத்துக்கும் விலைக்கும் நடுவே எதை வாங்குவது, எதை விடுவது என்று மக்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராய இந்த ஊர் பொருத்தமான இடம். அதற்கு உகந்த காலம் 2021 முதல் 2024 வரையிலான விலையேற்றக் காலம். 2022 அக்டோபரில் பிரிட்டனின் நுகர்வோர் விலைவாசி ஓராண்டில் 11.1 சதவீதம் உயர்ந்திருந்தது. நாற்பது ஆண்டுகளில் கண்டிராத உயர்வு அது. 2023 மார்ச்சில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 19 சதவீதத்தைத் தாண்டியது.

ஒரு பொருளின் விலை ஏறும்போது இரண்டு விளைவுகள் சேர்ந்தே நடக்கின்றன என்று பொருளியல் சொல்கிறது. 1915இல் ரஷ்யப் பொருளியலாளர் ஸ்லட்ஸ்கி இவற்றைக் கணிதமாகப் பிரித்துக் காட்டினார். 1934இல் ஹிக்ஸும் ஆலனும் அதையே தனியாகக் கண்டடைந்து பரவலாக்கினார்கள். முதலாவது பதிலீட்டு விளைவு: விலை ஏறியதை விட்டுவிட்டு, ஏறாததற்கு மாறுவது. இரண்டாவது வருமான விளைவு: சம்பளம் பவுண் கணக்கில் மாறாவிட்டாலும் அதைக்கொண்டு வாங்கக்கூடியது குறைந்துபோவதால் குடும்பம் ஏழையாவது. பாடப் புத்தகங்களில் இந்த இரண்டும் அருகருகே, சம எடையுடன் வரையப்படுகின்றன. நடைமுறையில் எந்த விளைவு மேலோங்கும் என்பதை ஒரே ஒரு கேள்வி தீர்மானிக்கிறது: கைக்கெட்டும் தூரத்தில் மாற்று இருக்கிறதா? மாற்று இருந்தால் விலையேற்றம் ஒரு தெரிவாகிறது. இல்லாவிட்டால் அது சம்பள வெட்டுக்குச் சமம். மோர்டனின் அண்மைக்கால அனுபவத்தை வைத்து இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்: குறைந்த வருமானக் குடும்பங்களின் செலவில் பெரும்பகுதி மாற்று இல்லாத இனங்களில் சிக்கியிருக்கிறது. அதனால் அவர்களுடைய தெரிவுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களுடைய வருமானத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இது புதிய பிரச்சினை அல்ல. வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857இலேயே தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை வைத்துக் காட்டினார். ஆனால் உணவுக்கு முன்பே கைவைக்கும் செலவு ஒன்று உண்டு: வீடு. லண்டன் கவுண்டி கவுன்சில் 1928 முதல் 1936 வரை மோர்டனையும் கார்ஷால்ட்டனையும் ஒட்டி செயின்ட் ஹீலியர் குடியிருப்பைக் கட்டி, உள்நகரின் நெரிசலிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. தோட்டமும் குளியலறையும் உள்ள நல்ல வீடுகள் அவை. அதே காலத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஸ்டாக்டன் நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த மெக்கோனிகல் ஓர் ஆய்வு செய்தார். சேரியிலிருந்து புதிய குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பங்களிடையே இறப்பு விகிதம் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது உயர்ந்தது, சேரியிலேயே தங்கியவர்களிடையே அப்படி உயரவில்லை. புதிய வீட்டின் வாடகை அதிகம் என்பதால் சாப்பாட்டுக்கு மிஞ்சிய பணம் குறைந்துவிட்டது என்பதே அவர் கண்டறிந்த காரணம். 1936இல் வெளிவந்த அவருடைய நூல் வறுமை பற்றிய விவாதத்தையே மாற்றியது. வாடகை முதல் தேதியிலேயே போய்விடும், வயிறு காத்திருக்கும். வீட்டுச் செலவு எந்த வரிசையில் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

இந்த வரிசை 2022இல் அப்படியே திரும்ப வந்தது. எரிசக்திக் கட்டணத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதிக்கும் உச்சவரம்பின்படி, சராசரியாகப் பயன்படுத்தும் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவு 2021 அக்டோபரில் 1,277 பவுண். 2022 ஏப்ரலில் அது 1,971 ஆயிற்று. அக்டோபரில் அரசு தலையிட்டு 2,500 பவுணில் நிறுத்தியிராவிட்டால் 3,549 ஆகியிருக்கும். அரசு தந்த 400 பவுண் உதவியைக் கழித்தாலும் ஓராண்டில் இது பெரிய ஏற்றம். மக்கள் சும்மா இருக்கவில்லை. ஹீட்டரைக் குறைத்தார்கள், ஒரு அறையை மட்டும் சூடாக்கினார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதனால் எவ்வளவு மீட்க முடியும் என்பது புரியும். விலை இருமடங்காகும்போது ஒரு குடும்பம் தன் பயன்பாட்டை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலும் பில் 60 சதவீதம் கூடத்தான் செய்யும். குளிரில் நடுங்கியபடி முன்பைவிட அதிகம் கட்ட வேண்டும். இதில் குறைக்கவே முடியாத ஒரு பகுதியும் உண்டு. ஒரு யூனிட் கூடப் பயன்படுத்தாவிட்டாலும் தினசரி நிலைக்கட்டணம் கட்டியாக வேண்டும். 2023 அக்டோபர் உச்சவரம்பில் மின்சாரத்துக்கும் காஸுக்கும் சேர்த்து அது நாளொன்றுக்குச் சுமார் 83 பென்ஸ், ஆண்டுக்கு ஏறத்தாழ 300 பவுண். காசு போட்டுப் பயன்படுத்தும் மீட்டர் உள்ள வீட்டில், பணம் தீர்ந்து மின்சாரம் நின்ற நாளிலும் இந்தக் கட்டணம் கடனாக ஏறிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் தெரிவு என்று சொல்ல எதுவும் இல்லை.

வீட்டுக் கடனிலும் இதே நிலைதான். இங்கிலாந்து வங்கியின் வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் 5.25 ஆனது. 2022 செப்டம்பர் 23ஆம் தேதி அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்புத் திட்டத்தால் சந்தை கலங்கி, இரண்டாண்டு நிலைவட்டிக் கடன்கள் 6 சதவீதத்தைத் தாண்டின. 25 ஆண்டுகளுக்கு 3 இலட்சம் பவுண் கடன் வாங்கியவர் 2 சதவீத வட்டியில் மாதம் சுமார் 1,272 பவுண் கட்டுவார்; 6 சதவீதத்தில் சுமார் 1,933. வீடு அதே வீடு, மாதம் 660 பவுண் மட்டும் அதிகம். விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகலாமே என்றால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், விற்பதற்கும் வாங்குவதற்கும் ஆகும் செலவு, புதிய கடனுக்கும் அதே வட்டி என்று ஒவ்வொரு கதவும் மூடிக்கொள்கிறது. வாடகைக்கு இருப்பவரின் நிலை இன்னும் கடினம். 2024இல் லண்டனில் தனியார் வாடகையின் ஆண்டு உயர்வு 11 சதவீதத்தைத் தாண்டிய மாதங்கள் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்களின் வாடகைக்கு அரசு தரும் உதவியின் வரம்போ 2020 முதல் 2024 ஏப்ரல் வரை உறைந்து கிடந்தது. உண்மையான வாடகைக்கும் அந்த வரம்புக்கும் இடையிலான தொகை சாப்பாட்டுக் காசிலிருந்துதான் போயிற்று. மெக்கோனிகல் கண்ட அதே வழி.

ஆக, கையில் அசையக்கூடிய செலவு என்று மிஞ்சுவது பெரும்பாலும் சமையலறைச் செலவுதான். இங்கே மாற்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பரில் ஆல்டி நிறுவனம் மாரிசன்ஸை முந்திக்கொண்டு பிரிட்டனின் நான்காவது பெரிய மளிகைச் சங்கிலியானது. பெயர்பெற்ற பிராண்டை விட்டுக் கடையின் சொந்தத் தயாரிப்புக்கு இலட்சக்கணக்கான குடும்பங்கள் மாறின. விலை ஏறினால் மக்கள் மாறிக்கொள்வார்கள், ஆகவே சராசரி விலையேற்றம் சொல்லும் அளவுக்குத் துன்பம் இருக்காது என்று வாதிடுவோர் இதைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். நடுத்தர வருமானக் குடும்பங்களைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் இது ஏணியில் இறங்குவது போன்றது: மேல்படியில் நிற்பவர் ஒரு படி இறங்கலாம், கடைசிப் படியில் ஏற்கெனவே நிற்பவருக்கு இறங்க இடமில்லை. அதோடு அந்தக் கடைசிப் படியின் விலைதான் வேகமாக உயர்ந்தது. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் மிகக் குறைந்த விலையில் கிடைக்கும் 30 மளிகைப் பொருள்களைத் தனியே கண்காணித்தது. 2022 செப்டம்பர் வரையான ஓராண்டில் அவற்றின் விலை சராசரியாக 17 சதவீதம் கூடியிருந்தது. சமையல் எண்ணெய் 65, பாஸ்தா 60, தேயிலை 46 சதவீதம். ஒரே வகைப் பொருளில் விலை குறைந்த பிராண்டுகளின் விலை, விலை உயர்ந்தவற்றைவிட வேகமாக ஏறியதை நிதி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பின்னர் உறுதிப்படுத்தினார்கள். கணக்கு எளியது: மலிவான பொருளின் விலையில் மூலப்பொருளின் பங்கு அதிகம், விளம்பரமும் இலாபமும் குறைவு. மூலப்பொருள் விலை ஏறினால் அது முழுவதுமாக அதன்மேல் விழுகிறது. 2022 அக்டோபரில் குறைந்த வருமானக் குடும்பங்கள் சந்தித்த விலையேற்றம் 11.9 சதவீதம், அதிக வருமானக் குடும்பங்களுக்கு 10.5 சதவீதம் என்ற புள்ளிவிவர அலுவலகத்தின் மதிப்பீட்டையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மோர்டன் தமிழ்ச் சமையலறையில் இந்தக் கேள்வி அரிசியாக வந்து நிற்கிறது. இங்குள்ள தமிழ்க் கடைகளில் அரிசி பத்துக் கிலோ, இருபது கிலோ மூட்டைகளாக அடுக்கியிருக்கும். தமிழகத்துக்காரர் வீட்டுக்குப் பொன்னி, யாழ்ப்பாணத்தார் வீட்டுக்குச் சிவப்பரிசியும் சம்பாவும். இந்த இரண்டு வழியும் அடுத்தடுத்து அடைபட்டன. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற்றாலும் நெல் விளைச்சல் கடுமையாக விழுந்து, அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி விதித்தது. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. பாஸ்மதிக்கு மாறலாமே என்பது எளிய பதில். சோற்றுக்கு அது ஆகும். இட்லி மாவுக்கும் பிட்டுக்கும் அது ஆகாது. அதைவிட முக்கியமானது, அரிசி விலை ஏறினால் ஏழைக் குடும்பம் குறைப்பது அரிசியை அல்ல என்பது. அரிசி வயிற்றை நிரப்புகிறது. மீனும் இறைச்சியும் காய்கறியும்தான் முதலில் குறையும்.

ஜென்சன், மில்லர் என்ற இரு பொருளியலாளர்கள் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதன் உச்சகட்ட வடிவத்தைக் காட்டியது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு அரிசிக்கு மானியம் கொடுத்தபோது அவர்கள் அரிசி உண்பது குறைந்தது. கையில் மிஞ்சியதை வேறு உணவுக்குச் செலவிட்டார்கள். மானியம் நின்றதும் திரும்பவும் அரிசி கூடியது. விலை ஏறினால் தேவை குறையும் என்ற பொது விதியே இங்கே தலைகீழாகிறது, வருமான விளைவு பதிலீட்டு விளைவை விழுங்கிவிடுவதால். மோர்டனில் நிலைமை அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் திசை அதுவே. இதை வெறும் அளவுக் கணக்கால் பிடிக்க முடியாது. ஒரு வீட்டின் மளிகைச் செலவு மாறாமலே தட்டில் இருப்பது மாறிவிடும். அதே பணத்தில் சோறு அதே அளவு இருக்கும். பக்கத்தில் இருக்க வேண்டிய மீன் இராது. செலவைப் பார்க்கும் ஆய்வாளர் இந்தக் குடும்பம் சமாளித்துக்கொண்டது என்று எழுதுவார். வளரும் பிள்ளையின் உடம்பு வேறு கணக்கை எழுதும்.

இதுவரை சொன்னது எந்த ஏழை லண்டன் குடும்பத்துக்கும் பொருந்தும். ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்னொரு செலவினம் உண்டு: ஊருக்குக் காசு அனுப்புவது. பாடப் புத்தகம் ஒரு வருமானத்தையும் ஒரே விலைவாசியையும் வைத்துக் கோடு போடுகிறது. இந்தக் குடும்பங்களுக்கு வருமானம் ஒன்று, விலைவாசி இரண்டு. இலங்கை 2022 ஏப்ரலில் தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பொது விலையேற்றம் ஏறத்தாழ 70 சதவீதம், உணவு விலையேற்றம் ஏறத்தாழ 95 சதவீதம். ரூபாயும் சரிந்திருந்தது, ஆகவே பவுணுக்கு அதிக ரூபாய் கிடைத்தது, அனுப்புகிறவருக்கு இலாபம்தானே என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மோர்டனிலிருந்து மாதம் 150 பவுண் அனுப்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் ஒரு பவுணுக்குச் சுமார் 275 ரூபாய் வீதம் அது 41,250 ரூபாய். ஓராண்டு கழித்துச் சுமார் 415 ரூபாய் வீதம் 62,250. ரூபாய்த் தொகை ஐம்பது சதவீதம் கூடியது. உணவு விலையோ ஏறக்குறைய இருமடங்கு. ஊரில் அம்மா முன்பு வாங்கிய அதே உணவை வாங்க ஏறத்தாழ 80,400 ரூபாய் வேண்டும், அதாவது 194 பவுண். இங்கே காஸ் பில்லும் மளிகையும் ஏறிய அதே மாதத்தில் அங்கே அனுப்ப 44 பவுண் கூடத் தேவைப்பட்டது. அந்தச் செப்டம்பர் கடைசியில் லண்டனில் அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்புத் திட்டம் பவுணின் மதிப்பையும் விழவைத்தது. ஒரே அறிவிப்பு வீட்டுக் கடன் தவணையைக் கூட்டியது, ஊருக்குப் போகும் ரூபாயையும் குறைத்தது.

அனுப்புவது கட்டாயமா, நிறுத்திக்கொண்டால் போயிற்று என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கலாம். செலவு இனங்களைப் பட்டியலிடும்போது இதை நன்கொடை என்ற தலைப்பில் போட்டுவிடுவதால் வரும் கேள்வி இது. முதிய பெற்றோரின் மருந்துக்கும் தம்பி பிள்ளைகளின் படிப்புக்கும் போகும் பணம், பெயர் எதுவானாலும், உணவைப் போல இயங்குகிறது: விலை ஏறினால் குறையாமல், ஏறிய விலைக்கு ஈடுகொடுக்கக் கூடுகிறது. மருமகள் வேலைநேரத்தைக் கூட்டியோ, இங்குள்ள சாப்பாட்டைச் சுருக்கியோ அந்த 44 பவுணைக் கண்டுபிடித்தால், பிரிட்டனின் புள்ளிவிவரத்தில் அது எங்கும் பதிவாகாது. ஏனென்றால் பிரிட்டனின் விலைச் சுட்டெண்ணில் யாழ்ப்பாணத்து அரிசி விலைக்கு இடமில்லை.

இதே அனுப்புதல் மாற்றுக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அழகாகக் காட்டுகிறது. 2021இல் இலங்கை மத்திய வங்கி டாலரைச் சுமார் 200 ரூபாயில் கட்டிவைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கணிசமாக அதிகம் கிடைத்தது. அனுப்பப்பட வேண்டிய தொகை மாறவில்லை, வழி மாறியது. வங்கியை விட்டு மக்கள் உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே முகவர்கள் மூலம் பணம் அனுப்பும் முறைக்கு, போனார்கள். 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த அதிகாரபூர்வ வரவு 2021இல் 549 கோடியாகவும் 2022இல் 379 கோடியாகவும் விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டு, பின்னர் இரண்டு விலைகளுக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியதும் 2023இல் அது 597 கோடிக்கு ஏறியது. வேலை தேடி வெளிநாடு போனவர்கள் பெருகியதும் ஒரு காரணம்தான். ஆனாலும் விழுந்த வேகமும் எழுந்த வேகமும் விலை வேறுபாட்டோடு ஒத்துப்போகின்றன. இங்கே மக்கள் கூர்மையாக, விரைவாக, கணக்குப் பார்த்து முடிவெடுத்தார்கள். வங்கியும் உண்டியலும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வழிகள் என்பதால் மாறுவதில் வலி இல்லை. இதே மக்கள்தான் காஸ் பில்லின் முன்னே கையைப் பிசைந்து நின்றார்கள். கணக்குத் தெரியாததால் ஏழைகள் தவறாகச் செலவிடுகிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதுவே போதுமான மறுமொழி. மாற்று உள்ள இடத்தில் அவர்கள் எந்த நிதி ஆலோசகருக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

மக்கள் மாறிக்கொள்வார்கள் என்ற முதல் மறுப்பைவிட இரண்டாவது மறுப்பு கனமானது: சம்பளமும் ஏறியதே. உண்மை. 23 வயது நிரம்பியோருக்கான தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2021 ஏப்ரலில் மணிக்கு 8.91 பவுண்; 21 வயது முதல் பொருந்தும் இன்றைய முறையில் 2025 ஏப்ரலில் அது 12.21. நான்காண்டில் 37 சதவீதம். பொது விலைவாசியைவிட வேகமான உயர்வு. இதைச் சாதனையாக ஒப்புக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் ஊதியம் ஏறுவதும் கையில் சேர்வதும் வெவ்வேறு. 2025 ஏப்ரலில் ஊதியம் 11.44இலிருந்து 12.21 ஆனபோது உயர்வு மணிக்கு 77 பென்ஸ். வாரம் 35 மணிநேரம் வேலை செய்பவருக்கு ஏறத்தாழ 27 பவுண். அவர் பிள்ளைகள் உள்ளவர், யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவியும் பெறுபவர் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான ஒவ்வொரு பவுணிலும் 20 பென்ஸ் வருமான வரி, 8 பென்ஸ் தேசியக் காப்புறுதி. மிஞ்சும் 72 பென்ஸில் 55 சதவீதத்துக்கு உதவித்தொகை குறைக்கப்படும். கடைசியில் நிற்பது 32 பென்ஸ் சொச்சம். 27 பவுண் உயர்வில் கைக்கு வருவது 9 பவுணுக்கும் குறைவு. வரிவிலக்கு வரம்பு 12,570 பவுணில் 2021 முதல் உறைந்திருப்பதால், சம்பளம் ஏற ஏற வரிக்குள் விழும் பகுதியும் கூடுகிறது. உதவித்தொகைகளின் உயர்வோ காலம் தாழ்த்தி வருகிறது. முந்தைய செப்டம்பரின் விலையேற்றத்தை வைத்து அடுத்த ஏப்ரலில் உயர்த்துவது வழக்கம். அப்படித்தான் 2022 ஏப்ரலில் 3.1 சதவீதம் உயர்த்தினார்கள்; அந்த மாதத்தின் விலையேற்றம் 9 சதவீதம். அடுத்த ஆண்டு 10.1 சதவீதம் கொடுத்து ஈடுகட்டினார்கள் என்பது சரி. இடையில் போன பன்னிரண்டு மாதமும் கடனில் ஓடியவருக்கு அந்த ஈடு வட்டிக்குத்தான் போயிற்று.

மூன்றாவது மறுப்பு: விலையேற்றம்தான் அடங்கிவிட்டதே. 2024 மே மாதம் அது 2 சதவீதத்துக்கு வந்தது. ஆனால் ஏற்றம் நின்றது என்பதற்கு விலை இறங்கியது என்று பொருள் இல்லை. 2021இல் இருந்ததைவிட உணவு விலை கால் பங்குக்கு மேல் உயர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ட்ரஸல் அமைப்பின் உணவு வங்கிகள் 2022-23இல் 30 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான பொட்டலங்கள் கொடுத்தன. விலையேற்றம் தணிந்துகொண்டிருந்த 2023-24இல் அது 31 இலட்சத்தைத் தாண்டியது. சேமிப்பு கரைந்த பிறகுதான் பசி வெளியே தெரியும். சிக்கலின் நீளத்தை விலையேற்ற விகிதத்தால் அளக்க முடியாது என்பதற்கு இது போதும்.

கணக்கில் வராத இன்னொரு செலவு நேரம். கேரி பெக்கர் 1965இல் எழுதிய கட்டுரையில், ஒரு பொருளின் உண்மையான விலை என்பது பணத்தோடு அதற்குச் செலவாகும் நேரமும் சேர்ந்தது என்று வாதிட்டார். மோர்டனிலிருந்து நடு லண்டனுக்கு ரயில் விரைவு, பஸ் மலிவு. 2025இல் பஸ் கட்டணம் 1.75 பவுண், ஒரு மணிநேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம். ரயிலை விட்டுப் பஸ்ஸுக்கு மாறுவது பதிலீட்டு விளைவின் தெளிவான உதாரணமாகப் புத்தகத்தில் இடம்பெறலாம். அலுவலகங்களைச் சுத்தம் செய்ய விடியுமுன் போக வேண்டியவர்கள் மோர்டனிலிருந்து ஆல்ட்விச் வரை போகும் என்155 இரவு பஸ்ஸில் ஏறுகிறார்கள். மிச்சமாகும் காசுக்கு விலையாகத் தூக்கத்தைக் கொடுக்கிறார்கள். இரண்டு கடை ஏறி இறங்கி எது மலிவு என்று பார்ப்பதும், பருப்பை ஊறவைத்து நீண்டநேரம் வேகவைப்பதும் இப்படித்தான். வீட்டில் அந்த நேரம் பெரும்பாலும் பெண்களின் நேரம். மாற்று இருக்கிறது என்று நாம் சொல்லும் இடங்களிலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சான்றுகள் எல்லாம் ஒரே முடிவைச் சுட்டுகின்றன. மாற்று இல்லாத செலவினங்களைக் கழித்தபின் கையில் மிஞ்சும் தொகைதான் ஒரு குடும்பம் விலையேற்றத்தைத் தாங்குமா என்பதைச் சொல்லும் அளவுகோல். சராசரி விலைச் சுட்டெண் அந்த வேலையைச் செய்யாது. புள்ளிவிவர அலுவலகம் குடும்ப வகைவாரியாகச் செலவுச் சுட்டெண் வெளியிடத் தொடங்கியது நல்ல தொடக்கம். உதவித்தொகையின் உயர்வைத் தீர்மானிக்கும் இடத்தில் அந்தச் சுட்டெண் உட்கார வேண்டும். ஏழு மாதப் பின்தங்கலை விலைவாசி வேகமாக ஓடும் ஆண்டுகளிலாவது நீக்க வேண்டும். வாடகை உதவியின் வரம்பை உண்மையான வாடகையோடு கட்டிவைக்க வேண்டும். நிலைக்கட்டணத்தின் பெரும்பகுதியைப் பயன்பாட்டு விலைக்குள் கொண்டுவந்தால், குறைத்துப் பயன்படுத்துகிறவருக்கு அதன் பலன் கிடைக்கும். மருத்துவக் கருவிக்காகவோ உடல்நலத்துக்காகவோ அதிகம் பயன்படுத்த வேண்டியவர்களுக்குத் தனிச் சலுகை தேவைப்படும். அதைக் காரணமாகக் காட்டி எல்லோரையும் இன்றைய முறையில் கட்டிவைப்பது நியாயமல்ல.

நம் சமூகம் கையில் எடுக்க வேண்டிய வேலையும் இருக்கிறது. குறைந்த வருமான முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பெறுவதில்லை என்பதை அரசின் மதிப்பீடுகளே ஒப்புக்கொள்கின்றன. ஆங்கிலப் படிவம் நிரப்பத் தயங்கும் தமிழ் முதியோரிடம் இந்தத் தயக்கத்துக்குக் காரணங்கள் இன்னும் கூடுதல். கூச்சமும் அதில் ஒன்று. தென்மேற்கு லண்டனில் கோயில்களும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கான குடும்பங்களைச் சந்திக்கின்றன. அங்கே ஒரு மேசையும் படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேரும் இருந்தால், ஒரு முதியவரின் வாராந்த வருமானத்தில் ஏற்படும் மாற்றம், எந்தச் சிக்கன அறிவுரையாலும் வர முடியாத அளவுக்குப் பெரியது. அந்த உதவியைப் பெற்றால் இன்னும் பல உதவிகளுக்கும் வழி திறக்கும். சிக்கனம் பற்றி இந்தக் குடும்பங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரிசி மூட்டையையும் உண்டியல் விலையையும் கணக்குப் பார்த்தே அவர்கள் இத்தனை ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள். குறைவது வருமானம்தான். அதைக் கூட்டும் கொள்கைகளுக்காகவும், உரியதைப் பெற்றுக்கொடுக்கும் ஏற்பாடுகளுக்காகவும் உழைப்பதே விலைவாசி பற்றிய எந்த நேர்மையான ஆய்வும் கடைசியில் வந்து சேரும் இடம்.